கால்நடை மருத்துவத் தொழில்நுட்பம்: பட்டமும் பணியும்

வெக்கை நோயை இன்றைய கால்நடை மருத்துவ மாணவர் பாடநூலில் மட்டுமே காண்கிறார். சில தலைமுறைகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறு இல்லை. ஓர் ஊரில் அந்நோய் புகுந்துவிட்டால் சில நாட்களுக்குள் தொழுவங்கள் வெறுமையாகும். ஏர் மாடுகளை இழந்த குடியானவன் அந்தப் பருவத்து உழவையும் இழப்பான். 1954இல் நம் நாட்டில் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. நீண்ட முயற்சிக்குப் பின் 2006 மே மாதத்தில் இந்தியா அந்நோய்த் தொற்று அற்ற நாடு என உலகக் கால்நடை நல அமைப்பால் ஏற்கப்பட்டது. 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித முயற்சியால் உலகினின்றும் அகற்றப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

இவ்வெற்றியின் வரலாற்றில் முக்தேசர் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அங்கு உருவான தடுப்பூசிக்கும் உரிய இடம் தரப்படுகிறது, அது நியாயமே. ஆனால் தடுப்பூசிக் குப்பி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தானாகவே மாட்டின் கழுத்துக்குச் சென்றுவிடுவதில்லை. பனிக்கட்டியிட்ட பெட்டியைச் சுமந்து, சாலையற்ற ஊர்களுக்கு நடந்து, மிரளும் மாடுகளைக் கட்டச் செய்து, ஊசியிட்டு, பதிவேட்டில் எண்ணிக்கையைக் குறித்து வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர். மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றிய துணைப் பணியாளர்களே அவர்கள். இவ்வாறு நாட்டின் கால்நடை நலம் எவர் கையில் உண்மையில் தங்கியிருக்கிறதோ, அவர்களுடைய கல்வி எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு அமைய வேண்டும் என்பது ஆராயத்தக்க பொருளாகும்.

கல்வியின் இரு கிளைகள்

இந்தியாவில் முறையான கால்நடை மருத்துவக் கல்வி இராணுவத் தேவையிலிருந்து பிறந்தது. குதிரைப் படைக்கும் பொதி விலங்குகளுக்கும் சிகிச்சை அளிக்கவே 1862இல் புனாவில் இராணுவக் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. பின்னர் 1882இல் லாகூரிலும், 1886இல் பம்பாயிலும், 1893இல் கல்கத்தாவிலும், 1903இல் சென்னையிலும் கல்லூரிகள் தோன்றின. தொடக்கத்தில் இவை டிப்ளமா மட்டுமே வழங்கின. 1936இல் சென்னைக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. இன்று நாட்டில் 50க்கு மேற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஓராண்டுக் கட்டாய உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் பயின்றால்தான் கால்நடை மருத்துவப் பட்டம் கிடைக்கும்.

இது ஒரு கிளை. மற்றொரு கிளை அமைதியாக வளர்ந்தது. முதலாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஆதார கிராமத் திட்டமும், 1960களில் தீவிரக் கால்நடை வளர்ச்சித் திட்டமும் நடைமுறைக்கு வந்தபோது, உயர் ரகக் காளைகளின் விந்தைக் கிராமத்துப் பசுக்களுக்குச் செலுத்தவும், காயடிக்கவும், தடுப்பூசி போடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அத்தனைப் பணிக்கும் பட்டதாரிகளை அமர்த்த எண்ணிக்கையும் இல்லை, பணமும் இல்லை. எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப இளைஞர்களைத் தேர்ந்து, சில மாதங்கள் பயிற்றுவித்துப் பணிக்கு அனுப்பியது. அவசரத் தேவைக்காக மேற்கொள்ளப்பட்ட இந்த ஏற்பாடே நாளடைவில் நிலையான முறையாயிற்று.

இதன் விளைவாக, ஒரே வேலையைச் செய்பவர் ஒரு மாநிலத்தில் கால்நடை ஆய்வாளர், மற்றொன்றில் கால்நடை உதவியாளர், வேறொன்றில் கால்நடை விரிவாக்க அலுவலர் என்று அழைக்கப்படுகிறார். அரியானா, இராஜஸ்தான், ஆந்திரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் இரண்டாண்டு டிப்ளமாப் படிப்புகள் கால்நடைப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில் நடைபெறுகின்றன. ஓராண்டுக்கும் குறைவான பயிற்சியோடு பணியில் சேர்ந்தோரும் உண்டு. கிராமங்களில் சினை ஊசி போடுவதற்காக மத்திய அரசின் திட்டத்தின்கீழ் 'மைத்ரி' என்ற பெயரில் தயாரிக்கப்படும் இளைஞர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி அளிக்கப்படுகிறது. மகளிர் குழுக்களைச் சேர்ந்த 'பசு சகி'கள் இன்னும் குறுகிய பயிற்சியுடன் வீடு வீடாகச் செல்கின்றனர். இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தேவையை நிறைவு செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எவர் எதை அறிவார், எதை அறியார் என்பதைக் கால்நடை வளர்ப்பவர் அறிந்துகொள்ள வழியில்லை. அவரைப் பொறுத்தவரை, ஊசிப் பெட்டியுடன் வருபவர் எவராயினும் 'டாக்டர்'தான்.

சட்டம் வகுத்துள்ள எல்லை

1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாகும். இதன் 30ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு எவரும் கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாகாது என்று விதிக்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு. டிப்ளமாவோ சான்றிதழோ பெற்ற ஒருவர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும், 'சிறு கால்நடை மருத்துவச் சேவைகள்' ஆற்றுவதற்கு மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுதல், காயடித்தல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதலுதவிகளும், மாநில அரசு அரசிதழில் குறிப்பிடும் பிற சிறு சிகிச்சைகளும் இதில் அடங்கும்.

சட்டத்தின் நோக்கம் தெளிவானது. நோயை நிர்ணயிப்பவரும் மருந்தை விதிப்பவரும் மருத்துவராக இருக்க வேண்டும். கை உதவி செய்பவர் மற்றவராக இருக்கலாம். ஆனால் மருத்துவருக்குரிய கல்வித் தகுதிகளை அட்டவணையிட்டு வரையறுத்த இச்சட்டம், உதவி செய்பவருக்குரிய கல்வியை அவ்வாறு வரையறுக்கவில்லை. 'டிப்ளமா அல்லது சான்றிதழ்' என்று கூறி, அதனை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. மேற்பார்வை என்பது மருத்துவர் அருகில் நிற்பதா, அதே வட்டத்தில் இருப்பதா, தொலைபேசியில் கிடைப்பதா என்பதும் நடைமுறையில் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது.

மனித மருத்துவத் துறையோடு ஒப்பிட்டால் இடைவெளி நன்கு விளங்கும். செவிலியர் கல்விக்கு 1947லேயே தேசிய அளவில் சட்டம் இயற்றப்பட்டது. ஆய்வகத் தொழில்நுட்பர், இயன்முறை மருத்துவர் போன்றோருக்கு 2021இல் தனிச் சட்டம் வந்தது. மருத்துவமனையில் மருத்துவருக்கு அடுத்து நிற்பவர் தமக்கெனக் கல்வியும் பதிவும் எல்லையும் உடையவர் என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுவிட்டது. தொழுவத்தில் நிற்பவருக்கு அந்த நிலை இனித்தான் உருவாக வேண்டியுள்ளது.

தொழுவத்தில் நடப்பது

'சிறு சேவை' என்ற சொல் வேலையின் அளவைக் குறிக்கலாம். அதன் விளைவைக் குறிக்காது. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் உணரலாம்.

செயற்கை முறைக் கருவூட்டலை முதலில் எடுத்துக்கொள்வோம். 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் இந்தியாவில் முதன்முறையாக மேற்கொள்ளப்பட்ட இம்முறை இன்று கிராமத்தின் அன்றாடப் பணியாகிவிட்டது. உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைக்கப்படுகின்றன. கொள்கலத்தில் நைட்ரஜன் அளவு குறைந்தாலும், ஒரு குச்சியை எடுக்கும்போது மற்றவற்றைக் கழுத்துக்கு மேல் சில நொடிகள் தூக்கி வைத்தாலும், விந்தணுக்கள் கெடுகின்றன. குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து உருக்க வேண்டும். விரல்களுக்கிடையே தேய்த்து உருக்குவதும் சட்டைப் பையில் வைத்திருப்பதும் பயனற்றவை. காலையில் சினைப்பருவ அறிகுறி காட்டும் பசுவுக்கு மாலையிலும், மாலையில் காட்டும் பசுவுக்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுவது விதி. இவற்றில் ஒன்று தவறினாலும் அடுத்த வாய்ப்புக்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாட்களும் மாடு தீனி தின்னும். அடுத்த ஈற்று அத்தனை நாள் தள்ளிப்போகும். இந்த நட்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு பசு மட்டுமே உடைய குடும்பத்தின் அடுப்படியில் அது தெரியும்.

அடுத்தது, கன்று ஈன்ற ஓரிரு நாட்களில் உயர் கறவைப் பசுக்களுக்கு வரும் பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருப்பினும் உடல் வெப்பம் கூடுவதில்லை. பசு எழ இயலாமல் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுக்கிறது, காதுகள் சில்லிடுகின்றன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதே காரணம். கால்சியம் போரோகுளுகோனேட் கரைசலை இரத்தக் குழாயில் செலுத்தினால் சிறிது நேரத்தில் பசு எழுந்து நிற்பதைக் காணலாம். கிராமத்தில் பெரும் மதிப்பைத் தேடித் தரும் சிகிச்சை இது. ஆனால் அதே கரைசலை விரைவாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இடுப்பெலும்பு அடிபட்டோ, கடும் மடிநோயாலோ படுத்துவிட்ட பசுவும் ஏறக்குறைய இதே தோற்றத்தையே காட்டும்.

நள்ளிரவில் முதலில் வந்து சேர்பவர் துணைப் பணியாளராகவே இருப்பார். முறையான கல்வி பெற்றவர் என்ன செய்வார்? பசு பக்கவாட்டில் சாய்ந்து வயிறு உப்பிவிடாதபடி நெஞ்சை ஊன்றி அமரச் செய்து முட்டுக் கொடுப்பார். உடல் வெப்பத்தை அளப்பார். இதயத் துடிப்பை எண்ணுவார். மடியையும் இடுப்பையும் தொட்டுப் பார்ப்பார். இரத்த மாதிரி எடுப்பார். பின்னர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, கண்டவற்றை வரிசையாகக் கூறுவார். மருத்துவர் விதித்தால், இதயத் துடிப்பைக் கேட்டவாறே மெல்லச் செலுத்துவார். முறையான கல்வி இல்லாதவர் குப்பியை உயரத் தூக்கி விரைவில் முடிக்கப் பார்ப்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே மருந்துதான்.

மூன்றாவது எடுத்துக்காட்டு, பணியாளரின் உயிரோடு தொடர்புடையது. 2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி ஒருமுறை போடப்படுகிறது. இதில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிரி. ஊசி முனை தவறித் தன் விரலில் குத்தினாலோ, துளி கண்ணில் தெறித்தாலோ, ஊசி போடுபவருக்கே அந்நோய் தொற்றக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இன்றிப் பணிக்கு அனுப்பப்படுபவரிடம் இதனைக் கூறாதிருப்பது பெருந்தவறாகும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றும் பழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. அடைப்பான் நோயால் திடீரென இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தால், அந்நுண்ணுயிரி காற்றுப் பட்டு விதைத்துகளாக மாறி மண்ணில் பல்லாண்டு தங்கும். எனவே சடலத்தைத் திறவாமல் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வகத்துக்கு அனுப்பி, உடலைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதே முறை. இதை அறிந்த ஒருவர் ஊரில் இருப்பது அவ்வூர் மக்களுக்கே பாதுகாப்பு.

மருந்தின் விளைவு தொழுவத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்குத் தாராளமாகப் போடப்பட்ட டைக்ளோபினாக் ஊசி, இறந்த மாட்டின் உடலைத் தின்ற கழுகினங்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. அதனால் நாட்டில் மூவகைப் பிணந்தின்னிக் கழுகுகள் 90 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தன. 2006இல் அம்மருந்து கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. 2023இல் அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. ஊசி போட்டவர்கள் எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். ஆயினும் தடை ஆணைகள் அரசிதழில் வெளிவந்தால் மட்டும் போதாது. ஊசிப் பெட்டியைத் திறப்பவரின் அறிவை அவை எட்ட வேண்டும்.

பட்டப்படிப்பு என்பது என்ன?

வெளிநாடுகளில் இப்பணி தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்பை முடித்தவர் கால்நடைத் தொழில்நுட்பர் எனவும், நான்காண்டுப் பட்டம் பெற்றவர் தொழில்நுட்பவியலாளர் எனவும் வழங்கப்படுகின்றனர். பெரும்பாலான மாநிலங்களில் இருவரும் ஒரே தேசியத் தேர்வில் தேறியே உரிமம் பெறுகின்றனர். நோய் நிர்ணயம், மருந்து விதித்தல், அறுவைச் சிகிச்சை ஆகியன அவர்களுக்கு விலக்கப்பட்டவை. பிரிட்டனில் கால்நடைச் செவிலியர், மருத்துவர்களுக்கான அரச கல்லூரியிலேயே பதிவு பெறுகின்றனர். பட்டத்தின் உயர்வு எல்லையைத் தாண்டும் உரிமை தருவதில்லை என்பதும், எல்லைக்குள் செய்யும் வேலையில் பொறுப்பும் மதிப்பும் தருகிறது என்பதும் இந்நாடுகளின் அனுபவத்திலிருந்து கொள்ளத்தக்கவை.

ஆனால் அவர்களுடைய பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவருவதில் பயன் இல்லை. அங்குள்ள பட்டதாரி பெரும்பாலும் நாய், பூனை மருத்துவமனைகளில் மயக்க மருந்துக் கண்காணிப்பிலும் பல் சுத்திகரிப்பிலும் ஈடுபடுகிறார். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாடுகள் 19.25 கோடி, எருமைகள் 10.99 கோடி, வெள்ளாடுகள் 14.89 கோடி, செம்மறியாடுகள் 7.43 கோடி. இவற்றின் பெரும்பகுதி சிறு விவசாயிகளிடமும் நிலமற்றோரிடமும் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கிறது. எனவே நம் பாடத்திட்டத்தின் மையம் தொழுவமாகவே இருக்க வேண்டும்.

முதலாண்டில் உடற்கூறு, உடலியக்கம், இனங்கள், தீவனம், தொழுவச் சுகாதாரம் ஆகியவற்றோடு, விலங்கை நோகாமல் கட்டுப்படுத்தும் முறைகளும் கற்பிக்கப்படலாம். இரண்டாமாண்டில் நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், மருந்தியல், ஆய்வகப் பயிற்சி ஆகியன அமையலாம். இரத்தப் பூச்சைச் சாயமேற்றித் தைலேரியா, பபேசியா போன்ற உண்ணிவழி ஒட்டுண்ணிகளை இனங்காணுதல், சாணத்தில் புழு முட்டைகளைத் தேடுதல், மடிநோயைக் கறவைக்கு அருகிலேயே சோதித்தல் ஆகியவை மாணவரின் கைக்குப் பழக வேண்டும். மூன்றாமாண்டில் இனப்பெருக்கம், அறுவை அரங்கு உதவி, மயக்கக் கண்காணிப்பு, எக்ஸ்ரே படம் எடுத்தல், நோயுற்ற விலங்கின் செவிலிப் பணி ஆகியவை இடம்பெறலாம். நான்காமாண்டு முழுவதும் களப்பயிற்சிக்கும், நோய்ப் பரவலியல், பதிவேடு, விரிவாக்கம், சட்டம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்படலாம்.

இப்பாடங்களில் கணக்கு முக்கிய இடம் பெற வேண்டும். ஒரு பசுவின் மார்புச் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்க. சுற்றளவை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோகிராம் எடை கிடைக்கிறது. ஐவர்மெக்டின் மருந்து கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் தேவை. ஆகவே இப்பசுவுக்கு ஏறக்குறைய 54 மில்லிகிராம். ஒரு சதவிகிதக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருப்பதால், சுமார் ஐந்தரை மில்லிலிட்டர் போட வேண்டும். கண்ணால் மதித்து மூன்று மில்லிலிட்டர் போட்டால் புழுக்கள் முழுதும் சாவதில்லை. எஞ்சியவை மருந்தை எதிர்க்கப் பழகுகின்றன. மருந்து போட்ட பின் எத்தனை நாட்கள் பாலை விற்கக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உரியவருக்குச் சொல்லியாக வேண்டும். பால் குடிக்கும் குழந்தைக்கு இதனால் வரும் பாதுகாப்பு சிறிதன்று.

இரு தரப்பு ஐயங்கள்

இத்தகைய பட்டப்படிப்பைப் பற்றி இரு தரப்பிலும் ஐயங்கள் எழுவது இயல்பு.

மருத்துவர்கள் கேட்பது இது: ஐந்தரை ஆண்டுகள் பயின்று பட்டம் பெற்றவருக்கே போதிய பணியிடங்கள் இல்லாத இடங்கள் உள்ளன, நான்காண்டுப் பட்டதாரி ஒருவரை உருவாக்கினால் அவர் பின்வாசல் வழியாக மருத்துவராகிவிட மாட்டாரா? குறைந்த ஊதியத்தில் அவரை அமர்த்திக்கொண்டு அரசுகள் மருத்துவர் பணியிடங்களைக் காலியாக விட்டுவிடாவா? இந்த அச்சத்தைப் புறந்தள்ள இயலாது. மருத்துவருக்குப் பதிலாகத் தொழில்நுட்பவியலாளர் என்ற எண்ணம் நிர்வாகத்தில் இடம்பெற்றால், இப்படிப்பு தொடங்கும்போதே கெட்டுவிடும். இதற்கு மாற்று, எல்லையை மங்கலாக விடாமல் சட்டத்திலேயே பணிகளின் பட்டியலை வரைவதாகும். இன்று எல்லை மீறல் நடைபெறுவது கல்வி மிகுந்ததால் அன்று. கல்வியும் எல்லையும் வரையறுக்கப்படாததால்தான்.

மற்றோர் ஐயம் கிராமத்தின் சார்பில் எழுவது. பட்டம் பெற்றவர் ஊரில் தங்குவாரா? நகரத்துச் செல்லப் பிராணி மருத்துவமனைக்கும் மருந்து நிறுவனத்துக்கும் சென்றுவிட மாட்டாரா? மூன்று மாதப் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் நள்ளிரவில் அழைத்தாலும் வருவார், பட்டதாரி வருவாரா? இந்த ஐயமும் உண்மையான அனுபவத்திலிருந்து பிறந்ததே. எல்லோரையும் பட்டதாரியாக்குவது தேவையும் அன்று, இயலக்கூடியதும் அன்று. தேவைப்படுவது ஓர் ஏணி.

தேசியக் கல்விக் கொள்கை 2020, பட்டப்படிப்பில் இடையில் வெளியேறவும் மீண்டும் சேரவும் வழி செய்கிறது. ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமா, பின்னர் பட்டம் என்ற அமைப்பு இத்துறைக்கு மிகவும் பொருந்தும். மூன்று மாதப் பயிற்சி பெற்ற சினை ஊசிப் பணியாளர், சில ஆண்டுக் களப்பணியைத் தகுதியாகக் கொண்டு டிப்ளமாவில் சேரலாம். டிப்ளமா பெற்றவர் ஊதிய விடுப்பில் சென்று பட்டத்தை முடிக்கலாம். அவ்வாறு படிப்பவர் ஊரிலிருந்து வந்தவர். ஊரில் அவருக்கு வீடும் மாடும் உண்டு. இன்று அவர் வேலையில் சேர்ந்த பதவியிலேயே பல்லாண்டு கழித்து ஓய்வு பெறுகிறார். மேலே செல்லப் படியில்லாத பணியில் கற்கும் ஆர்வம் நீடிப்பது அரிது.

பொருளாதாரக் கணக்கு

தேசிய விவசாயக் கமிஷன் 1976இல் அளித்த அறிக்கை, 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் தேவை என்று பரிந்துரைத்தது. மாடுகளையும் எருமைகளையும் மட்டும் தலைக்கு ஓர் அலகாகக் கொண்டாலும், 30.24 கோடிக்கு 60,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் களத்தில் இருக்க வேண்டும். ஆடு, பன்றி, கோழி ஆகியன இதில் சேரா. கோமாரி நோய்க்கு ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசி என்றால், இதே மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆண்டில் ஏறக்குறைய 60 கோடி ஊசிகள் போட்டாக வேண்டும். ஒவ்வொரு விலங்கின் காதிலும் 12 இலக்க எண் பொறித்த வில்லையை மாட்டி, விவரங்களைக் கணினியில் பதிய வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் பயின்ற மருத்துவரின் நேரத்தை இதில் செலவிடுவது பொருளாதாரக் கண்ணோட்டத்தில் வீண். பயிற்சியற்றவர் கையில் இதனை ஒப்படைப்பதோ அதனினும் பெரிய வீண். மருந்தை இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்கத் தவறினால், கணக்கில் ஊசி ஏறும். மாட்டின் உடலில் எதிர்ப்புச் சக்தி ஏறாது.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தித் திட்டம் வேலைப் பிரிவினையை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைத்தால் வரும் ஊர்தியில் ஒரு மருத்துவர், ஒரு துணை மருத்துவப் பணியாளர், ஓர் ஓட்டுநர் உதவியாளர் என்ற அமைப்பு உள்ளது. ஒரு இலட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது திட்ட அளவு. 2019 கணக்கின்படி மொத்தக் கால்நடைகள் 53.58 கோடி ஆதலால், நாடு முழுவதற்கும் 5,000க்கு மேற்பட்ட ஊர்திகள் வேண்டும். ஊர்தியில் இருக்கும் இரண்டாமவர் மாதிரி எடுக்கவும், கருவிகளைத் தூய்மை செய்யவும், சிகிச்சைக்குப் பின் பராமரிக்கவும் தெரிந்தவராயின், மருத்துவர் ஒரு நாளில் பார்க்கக்கூடிய விலங்குகளின் எண்ணிக்கை உயரும். முதலீட்டின் பயன் இங்குதான் கூடுகிறது.

நோய்த் தடுப்பு ஒரு பொதுநலப் பண்டம் என்பதையும் மறக்கலாகாது. ஒருவர் தம் மாட்டுக்குப் போடும் கோமாரி ஊசி அண்டை வீட்டு மாட்டையும் காக்கிறது. 2019இல் ஒடிசாவில் முதன்முதலாகக் காணப்பட்ட தோல் கழலை நோய், 2022இல் குஜராத், இராஜஸ்தான் உள்ளிட்ட மாநிலங்களில் பேரழிவாகப் பரவியது. இத்தகைய புதிய நோயின் முதல் அறிகுறியைக் காண்பவர் தலைநகரத்து ஆய்வாளர் அல்லர். தொழுவத்துக்கு அன்றாடம் செல்பவரே. அவர் அதனை வேறுபட்டதென உணர்ந்து உடனே மேலே தெரிவித்தால், கட்டுப்படுத்தச் சில வாரங்கள் கிடைக்கும். உணராவிடில் அந்த வாரங்களில் நோயே பரவும். எனவே இவர்களது கல்விக்குச் செய்யும் செலவைப் பயன்பெறுபவரிடமிருந்து மட்டும் திரட்ட முயல்வது சரியாகாது. அரசின் பங்கு இன்றியமையாதது.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, துணை மருத்துவக் கல்விக்கு நாடு தழுவிய குறைந்தபட்சத் தரம் வகுக்கப்பட வேண்டும். பதவிப் பெயர்கள் மாறினாலும் கற்ற பாடம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு நிலையிலுள்ளவரும் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை என்ற பட்டியல் கால்நடை வளர்ப்போரும் படித்தறியும் வகையில் மாநில மொழியில் வெளியிடப்பட வேண்டும். மூன்றாவதாக, சான்றிதழ், டிப்ளமா, பட்டம் என்ற ஏணியும், அதற்கேற்ற பதவி உயர்வும் இணைந்தே வர வேண்டும். ஏணியின்றிப் பட்டத்தை மட்டும் தொடங்குவது வேலையற்ற பட்டதாரிகளின் எண்ணிக்கையையே பெருக்கும். நான்காவதாக, மருத்துவர் பணியிடங்களை நிரப்புவதற்கு இப்படிப்பு மாற்றாகாது என்பதை அரசுகள் ஆணையாகவே வெளியிடலாம். இறுதியாக, கையுறை, கண்ணாடி, குளிர்பெட்டி, தொற்று நோய்ப் பரிசோதனை ஆகியவை பணியாளரின் உரிமையாகக் கருதப்பட வேண்டும்.

2023-24இல் நாட்டின் பால் உற்பத்தி 23.93 கோடி டன்னாக இருந்தது. பல ஆண்டுகளாக உலகில் நாமே முதலிடம் வகிக்கிறோம். இந்தப் பெருமை ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களின் உழைப்பால் வந்தது. அவர்களில் ஒருவருடைய பசு இரவில் எழ முடியாமல் படுத்துவிடும்போது, கதவைத் தட்டி வருபவர் தமக்குத் தெரிந்ததைத் திறமையாகச் செய்பவராகவும், தெரியாததைத் தயக்கமின்றி மருத்துவரிடம் கூறுபவராகவும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவத் தொழில்நுட்பக் கல்வி எந்தப் பெயரில், எத்தனை ஆண்டுகளாக அமைந்தாலும், அது இந்த இரு தன்மைகளையும் அவருக்கு அளிக்கிறதா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.